லூசியஸ் லாமரை வகுப்பில் எப்படிப் படிப்பது?

அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–1865) நடத்தும்போது நாம் பெரும்பாலும் லிங்கனோடு நின்றுவிடுகிறோம். எதிரணியில் இருந்த ஒருவரின் வாழ்க்கையையும் மாணவர்கள் முன் வைத்தால் கேள்விகள் தாமாகவே எழும். அதற்குப் பொருத்தமானவர் லூசியஸ் லாமர்.

1825இல் ஜார்ஜியாவில் பிறந்தவர், வழக்கறிஞர், மிசிசிப்பியில் குடியேறி அடிமைகளைக் கொண்டு பண்ணை நடத்தியவர். 1857இல் காங்கிரஸ் உறுப்பினரானார். 1861 ஜனவரியில் மிசிசிப்பி ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது பிரிவினைத் தீர்மானத்தை எழுதியவர் இவரே. அதே மாநாடு வெளியிட்ட காரண விளக்க அறிக்கை, அடிமை முறையைக் காப்பதே நோக்கம் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. 1860 கணக்கெடுப்பின்படி அம்மாநில மக்கள் 7,91,305 பேர். அவர்களில் அடிமைகள் 4,36,631 பேர். இவ்விரு எண்களையும் கரும்பலகையில் எழுதி விழுக்காடு காணச் சொல்லுங்கள். 'மாநில உரிமை' என்றால் யாருடைய உரிமை என்று மாணவர்களே கேட்பார்கள்.

போரில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தார். 1862இல் வில்லியம்ஸ்பர்க்கில் போரிட்டார். உடல்நலம் குன்றிப் படையை விட்டு விலகினார்.

இனி வருவதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி. போருக்குப் பின் மீண்டும் காங்கிரசுக்குச் சென்ற லாமர், 1874 ஏப்ரலில், அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்த சார்லஸ் சம்னருக்கு அஞ்சலி உரை ஆற்றினார். வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள வேண்டும் என்றார். அவை நெகிழ்ந்தது. ஜான் கென்னடி தம் 1956ஆம் ஆண்டு நூலில் இத்துணிவைப் பாராட்டி ஓர் அத்தியாயமே எழுதினார்.

ஆனால் மறு ஆண்டே, 1875 தேர்தலில், மிசிசிப்பியின் கறுப்பின வாக்காளர்கள் வன்முறையால் விரட்டப்பட்டனர். வென்றது லாமர் பிரச்சாரம் செய்த கட்சி. வடக்கு வெள்ளையரோடு சமரசம் பேசிய அதே காலத்தில், உள்ளூரில் கறுப்பினத்தவரின் வாக்கு பறிபோனது. கென்னடியின் நூலில் இந்தப் பக்கம் மங்கலாகவே இருக்கிறது. அன்றைய ஆளுநர் ஏம்ஸின் மகள் பிளாஞ்ச், தம் தந்தையை அந்நூல் தவறாகச் சித்திரித்ததாகக் கென்னடிக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். திருத்தம் வரவில்லை. 1964இல் தாமே தந்தையின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். விருது பெற்ற நூலையும் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

லாமர் பின்னர் செனட்டர், உள்துறைச் செயலர், 1888இல் உச்ச நீதிமன்ற நீதிபதி என உயர்ந்து 1893இல் மறைந்தார்.

'நல்லவரா, கெட்டவரா' என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். மாணவர்கள் கைதட்டலுக்குப் பேசத் தொடங்கிவிடுவார்கள். 1861 தீர்மானம், 1874 உரை, 1875 தேர்தல் மூன்றையும் மூன்று குழுக்களுக்குக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் யாருடைய குரல் கேட்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு பாடவேளைகள் தேவைப்படும். தொடக்க வகுப்புகளுக்கு வரைபடமும் அந்த இரண்டு எண்களும் போதும்.