நார்வே விட்டுக்கொடுத்த வரி

கேள்வி: நார்வேயில் மட்டும் மின்சார கார்கள் இவ்வளவு விற்பது எப்படி? மானியத்தை வாரி வழங்குகிறார்களா?

பதில்: வாங்குபவர் கையில் காசு கொடுக்கவில்லை, வரியை விட்டுக்கொடுத்தார்கள். பெட்ரோல் காருக்குக் கனமான பதிவு வரி, அதோடு 25 சதவீத மதிப்புக் கூட்டு வரி. மின்சார காருக்கு முதல் வரியை 1990-லும் அடுத்ததை 2001-லும் நீக்கினார்கள். அதனால் ஷோரூமில் இரண்டின் விலையும் நெருங்கி வந்துவிட்டது.

தொடக்கம் சுவையானது. ‘ஆ-ஹா’ இசைக்குழுவினர் இருவரும் பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பினரும் 1989-ல் மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவை நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சுங்கச்சாவடிகளில் கட்டணம் கட்டாமலே ஓட்டினார்கள். அபராதம் ஏறியது, வண்டி பறிமுதலானது, ஏலத்துக்கும் போனது. ஏலத்தில் அவர்களே மீட்டு மறுபடி ஓட்டினார்கள்! 1997-ல் மின்சார கார்களுக்கு அரசே அந்தக் கட்டணத்தை ரத்து செய்தது.

ஆட்சிகள் மாறியும் சலுகைகள் பல ஆண்டுகள் நீடித்தன. மக்கள் நம்பி வாங்கியதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன். 2024-ல் விற்ற புதிய கார்களில் சுமார் 89 சதவீதம் மின்சார கார்கள்.

2023-ல், 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்கு மதிப்புக் கூட்டு வரி திரும்பியது. சொகுசு காருக்கு முழுச் சலுகை எதற்கு? அது சரியான முடிவுதான்.