கியர் மாற்றுந் தண்டும் அதன் ஒயில் சீலும்

மோட்டார் வண்டி இராமுழுதும் நின்ற இடத்திலே காலையிற் காணப்படும் எண்ணெய்த் துளிகளை நம்மிற் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. பழைய வண்டி கசியத்தானே செய்யும் என்று கூறி, ஒரு தகரத் தட்டை அடியில் வைத்துவிட்டு மனவமைதி கொள்கிறோம். வேறு வண்டிகளில் இவ்வமைதிக்கு ஓரளவு இடமிருக்கலாம். மினி வண்டியில் அதற்கு இடமில்லை.

எம் நாட்டு வீதிகளுக்கு நன்கு பழக்கமான மொறிஸ் மைனரை 1948இல் உலகிற்கு அளித்த அலெக் இசிகொனிஸ் என்பாரே 1959இல் வெளிவந்த மினியையும் வகுத்தவர். ஏறத்தாழப் பத்தடி நீளத்துள் நால்வரை இருத்தும் பொருட்டு அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்ப் பெட்டியை அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியினுள்ளேயே அமைத்தார். ஆதலால் எஞ்சின், கியர்ப் பற்சில்லுகள், டிபரென்ஷல் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெயே உண்டு. அதன் அளவு ஏறக்குறைய 5 லீற்றர். கியர்ப் பெட்டியிலிருந்து ஒழுகுவது எஞ்சினைக் காக்கும் எண்ணெயேயாம். அளவு குறைந்ததை அறியாது நெடுந்தூரம் ஓடுவோர் இழப்பது ஒரு சீலையன்று, எஞ்சினையே.

1973ஆம் ஆண்டளவிலிருந்து மினியிற் கியர் மாற்றும் முறை தண்டுமுறையாயிற்று. ஓட்டுநரின் கைப்பிடியிலிருந்து வரும் தண்டு, டிபரென்ஷல் உறையின் அடியில் வெளிவரும் சிறு தண்டொன்றுடன் இணைகிறது. இச்சிறு தண்டு வெளிப்படும் துவாரத்தை அடைப்பதே நாம் கூறவந்த ஒயில் சீல். சில்லுகளின் அச்சுக்கருகேயுள்ள சீல்கள் சுழற்சியை மாத்திரமே தாங்குகின்றன. இதுவோ சுழற்சியையும் முன்பின்னாக வழுக்குதலையும் தாங்கவேண்டியது. கியர் மாற்றுந்தோறும் தண்டு வெளியே வந்து, வீதிப் புழுதியையும் சேற்றையும் தன்மேற் பூசிக்கொண்டு மீண்டும் உள்ளே செல்கிறது. அம்மண் சீலின் மெல்லிய றப்பர் உதட்டை அரத்தைப்போல் அராவுகிறது. தண்டின்மேலுள்ள றப்பர் உறை கிழிந்து தொங்கும் வண்டிகளில் இச்சீல் விரைவிற் கெடுவதன் காரணம் இதுவே.

எனினும், ஒழுக்கு இங்கிருந்துதான் வருகின்றதென உடனே தீர்மானித்தலாகாது. எண்ணெய் எங்கே கசிந்தாலும் கீழிறங்கித் தாழ்ந்த இடத்திலேயே சொட்டும். அடிப்பாகத்தை நன்றாகக் கழுவித் துடைத்து உலர்த்தி, முகத்துக்கிடும் பவுடரைத் தூவி, சில மைல் ஓட்டிய பின் பார்த்தால் எண்ணெயின் வழி வெண்மையின் நடுவே கருங்கோடாகத் தோன்றும். எஞ்சினின் ஆவி வெளியேறும் குழாய் அடைபட்டிருப்பின் உள்ளே அழுத்தம் மிகுந்து, நல்ல சீலையும் கசியச் செய்யும். அதனை முன்னரே துப்புரவாக்குதல் வேண்டும். இவற்றைப் பாராது, எஞ்சினையே இறக்கவேண்டுமென ஒரு திருத்துமிடத்தார் எமக்குக் கூறினர். அதற்கு அவசியம் இருக்கவில்லை.

வண்டியின் கீழே படுத்துச் செய்யவேண்டிய வேலை இது. ஆகையால் ஜாக்கை மாத்திரம் நம்பி எவரும் அடியிற் புகலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்து, பின்சில்லுகளுக்கு அடைகொடுத்து, வண்டியை ஒருமுறை கையால் உலுப்பிப் பார்த்தே புகவேண்டும். புகைக்குழாயும் அருகே செல்வதால் அது ஆறும்வரை பொறுத்தல் நன்று. முதலில் எண்ணெயை வடித்துவிடுக. வடிக்கும் ஆணியின் நுனியிற் காந்தம் உண்டு. அதில் மெல்லிய கரும்பசை ஒட்டியிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. உலோகத் துண்டுகள் இருந்தாற் பற்சில்லுகள் நோயுற்றுள்ளன என்று கொள்க.

இரு தண்டுகளையும் இணைப்பது ஒருபக்கம் பிளவுண்ட உருக்குக் குழாய் ஆணி. அதற்குப் பொருத்தமான துளையாணியை வைத்துத் தட்டினாற் கழலும். பருமன் குறைந்ததைப் பயன்படுத்தினால் அது குழாயினுள்ளே நுழைந்து இறுகிக்கொள்ளும். அருகேயுள்ள நிலைத்தண்டின் ஆணியையும் கழற்றினால் இணைப்பைப் பின்னே நகர்த்தலாம். சிறு தண்டைப் பலமாக வெளியே இழுத்தலாகாது. பழைய சீலை நெம்பும்போது திருப்புளியின் நுனி தண்டையோ, சீல் அமரும் துவாரத்தின் சுவரையோ கீறாதபடி பார்த்துக்கொள்க. அங்ஙனம் ஏற்படும் ஒரு கீறல் புதிய சீலுக்கும் ஒழுக்கு வழியாகிவிடும்.

இனி, முழு வேலையும் எதில் தங்கியுள்ளது என்பதைக் கூறுவோம். தண்டின் முனையும் ஆணித் துவாரத்தின் விளிம்பும் கூர்மையானவை. நாம் முதன்முறை இதனைச் செய்தபோது, எண்ணெய் பூசினாற் போதுமென்று புதிய சீலை வெறுமனே தண்டின்மேல் தள்ளினோம். வேலை முடிந்ததென்று பெருமிதத்தோடு கைகழுவினோம். நான்காம் நாள் அதே இடத்தில் அதே துளிகள்! மீண்டும் கழற்றிப் பார்த்தபோது, சீலின் உதட்டில் நகக்கீறல் போன்ற ஒரு வெட்டு; ஆணித் துவாரத்தின் விளிம்பு செய்தது. இரண்டாம் முறை விளிம்புகளை நுண்ணிய மணற்றாளால் மழுக்கி, துகள் உள்ளே செல்லாது துடைத்து, முனையையும் துவாரத்தையும் மெல்லிய ஒட்டுநாடாவாற் சுற்றி மூடி, அதன்மேல் எண்ணெய் தடவிச் சீலைச் செலுத்தினோம். உதடு எண்ணெய் இருக்கும் உட்புறத்தை நோக்கவேண்டும். தண்டைச் சூழ்ந்து நிற்கக்கூடிய ஒரு குழாய்த் துண்டை வைத்து, சீல் சாயாதபடி சுற்றிலும் சமமாகத் தட்டி இருத்தவேண்டும். சுத்தியலால் நேரே அடித்தலாகாது. சீல் அமர்ந்தபின் நாடாவை மறவாது உரித்துவிடுக.

தண்டில் உதடு உராய்ந்த இடத்தில் நகம் தடுக்குமளவு பள்ளம் இருந்தால், புதிய சீலை முன்னையதிலும் சிறிதளவு மாறுபட்ட ஆழத்தில் இருத்தி, உதடு தேயாத பகுதியிற் படியச் செய்யலாம். பள்ளம் பெரிதாயிருப்பின் தண்டையே மாற்றல் வேண்டும். அதற்குப் பெட்டியைப் பிரிக்க நேரும்.

புதிய றப்பர் உறையையும் குழாய் ஆணியையும் இட்டு, எண்ணெய் நிரப்பி, எஞ்சினை இயக்குமுன் எல்லாக் கியர்களும், சிறப்பாகப் பின்செல்லும் கியரும், இலகுவாக விழுகின்றனவா எனப் பார்க்கவேண்டும். சில மைல் ஓட்டி வந்தபின் அளவுகோலை ஒருமுறை பார்த்துவிட்டு, தகரத் தட்டு இருந்த இடத்தில் அன்றிரவு ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்துவைக்கலாம்.