கணபதி ஸ்தபதியார்: உளியும் எழுத்தும்

செங்கற்பட்டினின்று திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை, மாமல்லபுரத்தை அடையுமுன் பூஞ்சேரியைத் தொடுகின்றது. அவ்வூர்ப் பாறையொன்றில் பழந்தச்சர் சிலருடைய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன் என்பது அவற்றுள் ஒன்று. பல்லவர் காலத்துக் கல்வேலையிற் கைவைத்தவர் இவர்களே என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். பெயர்கள் நமக்குக் கிடைத்தன. அவர்கள் வேலை செய்த முறையோ எழுத்தில் கிடைத்திலது. அதனை முற்றுப்பெறாத கற்களிடமே நாம் கேட்டறிய வேண்டியிருக்கின்றது. வலையங்குட்டை இரதத்தைப் பார்த்தால், மேற்பகுதி உருப்பெற்றிருக்க அடிப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கக் காண்போம். மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தனர் என்பது அதனால் விளங்கும்.

கைத்தொழிலறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும்; மகன் வேறு தொழிலுக்குப் போனால் அத்துடன் முடியும். மானசாரம், மயமதம் முதலிய வடமொழி நூல்கள் உளவே எனின், உளி பிடித்த கைகளுள் அவற்றைப் படிக்கவல்லன மிகச் சிலவே. இந்நிலையில் இக்கலையைக் கல்லூரிப் பாடமாக்கியவரும், தமிழில் எழுதி வைத்தவருமான வை. கணபதி ஸ்தபதியாரைப் பற்றி நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

அவர் 1927-இல் காரைக்குடியை அடுத்த பிள்ளையார்பட்டியிற் பிறந்தார். தந்தையார் வைத்தியநாத ஸ்தபதி. குடி, வழிவழியாகக் கோயிற்பணி செய்த குடி. ஆயினும் மைந்தர் காரைக்குடி அழகப்பா கல்லூரியிற் கணிதம் பயின்று பட்டம் பெற்றார். இதனை நாம் பெரிதாக மதிக்கின்றோம். சிற்பம் என்பது முதற்கண் அளவேயன்றோ? எட்டு யவை கொண்டது ஓர் அங்குலம். பன்னிரண்டு அங்குலம் ஒரு தாளம். நவதாள உருவம் 108 அங்குலக் கூறுகள் உடையது. உத்தம தசதாள உருவம் 124 கூறுகள் உடையது. இங்கே அங்குலம் என்பது கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலமன்று. செய்யப்போகும் உருவத்தின் உயரத்தையே பகுத்துப் பெறும் கூறு அது. ஆகவே உள்ளங்கையிலடங்கும் படிமத்துக்கும் மலைபோன்ற சிலைக்கும் விதி ஒன்றே. இதனைக் கையாற் செய்பவர் பலர். ஏன் என்று கணக்கால் விளக்கவல்லவர் அக்காலத்திற் சிலர்.

மாமல்லபுரத்தில் அரசினர் சிற்பப் பயிற்சிக்கூடம் 1957-இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் தந்தையாரே. பழனித் திருக்கோயிலில் ஸ்தபதியாகப் பணிபுரிந்து வந்த மைந்தர், தந்தைக்குப் பின் அப்பொறுப்பை ஏற்று, 1988 வரை ஏறத்தாழ 27 ஆண்டு நடத்தினார். அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கும் கல்லூரியாயிற்று. பட்டம் வந்தபோது பாடத்திட்டமும் தேர்வும் உடன் வந்தன. ஸ்தபதி குடியிற் பிறவாத இளைஞனும் விண்ணப்பித்துச் சேரலாம் என்றாயிற்று. குலத்தின் காவலில் இருந்த வித்தை பொதுச்சொத்தானமை சிலர்க்கு உவப்பாயிராது. ஆனால் காவல் நீங்கிய பின்னரும் அது வாழ்கின்றது என்பதை நாம் கண்ணாரக் காண்கின்றோம்.

1978-இல் அவருடைய 'சிற்பச் செந்நூல்' வெளிவந்தது. உருவங்களின் அளவும் இலக்கணமும் தமிழிலே, வரைபடங்களோடு, பயில்வோன் கையிலெடுத்துப் பார்க்கும் வண்ணம் அமைந்த நூல் அது. பிற்காலத்தில் அவர் எழுதியவற்றை அதே உறுதியோடு நாம் பரிந்துரைக்க இயலாது. நம் சிற்ப நூல்கள் கூறும் மயனும், மெக்ஸிகோ நாட்டு மாயர் நாகரிகமும் ஒரு மூலத்தன என்று அவர் வாதித்தார். பெயரொலி ஒத்திருத்தல் வரலாற்றுச் சான்றாகாது. அறிஞர் அதனை ஏற்றிலர். அவரிடம் கற்கவேண்டுவது அளவு நூலேயாம்.

கைவேலையில் அவர் பெயரை நிறுத்தியவை இரண்டு. முதலாவது, 1976-இல் திறக்கப்பெற்ற சென்னை வள்ளுவர் கோட்டம். திருவாரூர்த் தேரை ஒத்த கற்றேர் அங்குளது. இரண்டாவது, கன்னியாகுமரியில் கடல் நடுவே நிற்கும் வள்ளுவர் சிலை. 1979-இல் அடிக்கல் நாட்டியும் வேலை 1990-இலேதான் தொடங்கிற்று. அப்போது அவர் கல்லூரியினின்று ஓய்வு பெற்றிருந்தார். 2000 ஜனவரி முதல் நாளில் அது திறக்கப்பெற்றது. மொத்த உயரம் 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கப் பீடம் 38 அடி. ஏனைய இருபாலின் 95 அதிகாரங்களைக் குறிக்க உருவம் 95 அடி. கற்கள் 3681, எடை ஏறத்தாழ 7000 டன். ஒரே பாறையைக் குடைவதாயின் கண்முன்னே முழு உருவும் தோன்றிவரும். இங்கோ கரையில் தனித்தனியே செதுக்கிய கல் ஒவ்வொன்றும், படகேறிச் சென்று தன் இடத்தில் பொருந்த வேண்டும். ஒரு கல்லின் அளவு பிழைப்பின் அதன்மேல் ஏறுவன எல்லாம் பிழைக்கும். வரைபடமும் கணக்கும் இன்றி இது கூடுமோ? 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து மோதிய போதும் சிலை நின்றது.

2009-இல் பத்மபூஷண் விருது பெற்ற ஸ்தபதியார், 2011 செப்டம்பர் 5-ஆம் நாள் மறைந்தார். மாமல்லபுரக் கற்சிற்பம் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றது. இன்று அங்குள்ள பட்டறைகளிற் செல்வோர் உளியோசையினும் மின்பொறியின் இரைச்சலையே மிகுதியாகக் கேட்பர். பொறி விரைந்து அறுக்கும். ஆயினும் எங்கே அறுப்பது என்று கோடிட்டுத் தருவது இன்னும் அந்தத் தாளக் கணக்கே. கூடவே பொறி கிளப்பும் நுண்தூள் தொழிலாளியின் நுரையீரலிற் படிந்து நோய் செய்கின்றது. நீர் தெளித்து அறுப்பதும் முகக்கவசம் அணிவதும் பழைய சிற்ப நூல்களில் விதிக்கப்பட்டில. அவ்வதிகாரம் இனித்தான் எழுதப்பட வேண்டும்.