நிலம் தாழும் இடங்களைப் படத்தில் குறித்தல்

உத்தரகாண்ட் மாநிலத்து ஜோஷிமட் நகரம், பண்டை நிலச்சரிவில் குவிந்த மண்ணின் மீது அமைந்ததாகும். ஆதலின் மண்ணின் தாங்கும் வலிமையை ஆராயாமல் ஆங்குப் பெருங்கட்டடங்கள் எழுப்பலாகாதென மிஸ்ரா குழு 1976ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. 2023 ஜனவரியில் வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பல குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரை 12 நாட்களில் நகரின் நடுப்பகுதி 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

இத்தகைய அபாயப் படம் வரைவோர், நிலச்சரிவின் சாய்வு, மண்ணின் தன்மை, ஓடைகளும் ஊற்றுகளும், கட்டடங்கள் ஆகியவற்றை ஒரே அளவில் தனித்தனிப் படங்களாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துதல் வேண்டும். மிகுந்த சாய்வு, இளகிய மண், நீர்க்கசிவு ஆகிய மூன்றும் கூடுமிடமே முதலில் ஆராயத்தக்கது. ஆசிரியர்கள் எண்ணெய்த் தாள்களைக் கொண்டு இம்முறையை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம்.

செயற்கைக்கோள் தாழ்வின் அளவைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் கூறாது. எனவே களப்பணியாளர் நேரிற் சென்று, விரிசலின் இருபுறமும் குறியிட்டு, இடைவெளியைத் தேதியுடன் அளந்து எழுதிவருதல் அவசியம். கட்டட அனுமதி வழங்குமுன் அப்படத்தைப் பார்த்தல் வேண்டும் என்பதே 1976இன் எச்சரிக்கை நமக்கு உணர்த்தும் பாடமாகும்.