நோயின் கணக்கும் நம் கணக்கும்

இரயில்வேயில் பாலங்களுக்குக் கணக்குப் பார்த்தே என் காலம் போயிற்று. ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று நாம் கணக்குப் போடுவது தூணுக்குத் தெரியாது. அதனால் அது தன் பலத்தை மாற்றிக்கொள்வதில்லை. தொற்றுநோய்க் கணக்கில் இந்த வசதி கிடையாது.

அடிப்படை எளிதுதான். ஒரு நோயாளி மூவருக்குத் தொற்றவைத்தால் அடுத்த சுற்றில் 9, பிறகு 27, பிறகு 81. மூவரில் இருவருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கே போகும். இன்னும் சிலருக்கு இருந்தால் நோய் தானே அடங்கும். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை 1897இல் செகந்திராபாத்தில் கண்ட ரொனால்ட் ராஸ், கொசு முழுவதும் ஒழிய வேண்டாம், ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார். இந்தியாவில் மருத்துவப் பணி செய்த மெக்கென்டிரிக், கெர்மாக்குடன் சேர்ந்து 1927இல் வெளியிட்ட சமன்பாடுகளை 1905-06 பம்பாய் பிளேக் சாவுகளோடு ஒப்பிட்டார். வளைகோடு நன்றாகவே பொருந்தியது.

ஆனால் அதில் பரவும் வேகம் மாறாத எண். மனிதர் அப்படியா? 1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியதும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். பயம் வந்தால் விலகுகிறோம், தெளிந்தால் கூடுகிறோம். பொருளாதார நிபுணர்கள் இந்த லாபநஷ்டக் கணக்கையும் சமன்பாட்டில் சேர்க்கிறார்கள்.

தட்டம்மையைப் பாருங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். அடக்க நூற்றுக்குச் சுமார் 95 பேருக்குத் தடுப்பு வேண்டும். மாயாபந்தரில் ஒரு தாய் யோசிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் கூலி போகும், பஸ் செலவு, ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல். நோயோ கண்ணில் படவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் போட்டுக்கொண்டாயிற்று. அவள் கணக்கில் தப்பில்லை. பக்கத்து வீட்டு ஆறுமாதக் குழந்தைக்கு அவள் பிள்ளையின் ஊசியால் கிடைக்கும் காப்பு மட்டும் அதில் வராது. அரசாங்கம் இலவசமாகப் போடுவதைத் தர்மம் என்கிறார்கள் சிலர். விடுபட்ட அந்த வரவை எழுதும் வேலை அது என்பேன் நான். பெரியம்மையை ஒழித்த உலக முயற்சிக்குச் சுமார் 30 கோடி டாலர் ஆனது. ஒழிந்தபின் ஆண்டுதோறும் மிச்சமானதோ 100 கோடிக்கும் மேல்.

தீவுக்கு இன்னொரு சங்கடம். நோய் வராத வருஷங்களில் எதிர்ப்பில்லாதவர்கள் சேர்ந்துகொண்டே போவார்கள். 1877இல் போர்ட் பிளேரில் தட்டம்மை வந்தபோது, அதை அறிந்தேயிராத அந்தமான் பழங்குடியினர் ஏராளமாக மாண்டனர்.

இப்போது முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும், இரண்டாவது பதினாறு மாதத்துக்குமேல். இரண்டாவதைத்தான் பலர் மறக்கிறார்கள்.