பனியன் ஊரில் பள்ளியைச் சீராக்குவது எப்படி? பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கு ஃபேன் வேண்டும், பீரோ வேண்டும் என்று கேட்டால் கொங்குப் பகுதியில் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். இது புதுப் பழக்கமும் இல்லை. 1950களின் பிற்பகுதியில் காமராஜர் முதல்வராகவும், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலம், பெஞ்ச், சீருடை என்று அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த பெஞ்சை எங்கே போடுவது, எந்தக் கழிப்பறையை முதலில் சரிசெய்வது என்ற பேச்சில் பெற்றோர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். பிள்ளைகள் அதைவிடத் தள்ளி நிற்கிறார்கள். குன்னத்தூர் போன்ற பனியன் ஊரில் இதை மாற்ற எங்கே தொடங்கலாம் என்று பார்ப்போம்.

படி 1: உங்களுக்கு ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறது

புதிதாகச் சங்கம் எதுவும் தொடங்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றாலும், தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் இந்தக் குழு உண்டு. 2022-இல் 20 பேராக மாற்றியமைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆனார்கள். தலைவர் ஒரு பெற்றோர், அதுவும் பெண். தலைமையாசிரியர் தலைவர் அல்லர் என்பது பல பெற்றோருக்கே தெரியாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு.

முதல் வேலை, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பள்ளியில் கேட்டு அறிவது. உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கக்கூடும்.

படி 2: கூட்டத்தை ஷிப்டுக்கு ஏற்றபடி வையுங்கள்

நடைமுறையில் எல்லாம் தடுக்கிக்கொள்வது இங்கேதான். 2022-இல் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம் என்று வைத்தார்கள். அலுவலகம் நடத்துகிறவர்களுக்கு வசதியான நேரம். காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போய், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு வேனில் இறங்கும் ஓவர்லாக் டெய்லருக்கோ, செக்கிங் டேபிளில் நிற்கும் அம்மாவுக்கோ அந்தப் பிற்பகல் நேரம் எப்படி வாய்க்கும்? பீஸ் ரேட்டில் இருப்பவர் எழுந்து வந்தால் அன்றைய கூலியில் கை வைத்த மாதிரி. ஆகவே கூட்டத்துக்கு வராத பெற்றோரை 'அக்கறை இல்லாதவர்' என்று சொல்லிவிடுவது அநியாயம்.

கையெழுத்துக்கான கூட்டம் வெள்ளிக்கிழமை நடக்கட்டும். பேச்சுக்கான கூட்டத்தை ஞாயிறு காலையில் வையுங்கள். பள்ளியிலேயே வைக்க வேண்டும் என்றும் இல்லை. கோயில் மண்டபமோ மகளிர் குழு கூடும் இடமோ போதும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் துவைக்கிற துணி காத்திருக்கும்.

ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருந்தால், தமிழ் பேசும் அந்த வீட்டுப் பிள்ளையையே கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளராக உட்கார வையுங்கள்.

படி 3: ஆசிரியர் முதலில் ஃபோன் செய்யட்டும்

பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்தாலே, பையன் ஏதோ செய்துவிட்டான் என்றுதான் அர்த்தம் ஆகிவிட்டது. வந்தவர் வாசலிலேயே கை கட்டி நின்று, "பையன் நல்லா படிக்கறானுங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார். அந்தப் பயம் போக, வகுப்பாசிரியர் ஜூன் மாதத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் குறை சொல்லாத ஒரு ஃபோன் செய்தால் போதும். இரவு ஒன்பதுக்கு மேல் எடுப்பார்கள்.

படி 4: பிள்ளைகளிடம் கேளுங்கள், கேட்டதைச் செய்யுங்கள்

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. அதே ஆண்டு ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் யூனிசெஃப் வெளியீடு ஒன்றில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளை மேடையில் அலங்காரமாக நிறுத்துவதும் அந்த மூன்றில் ஒன்று. ஆண்டு விழாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளிகளில் 2024-இல் வந்த 'மகிழ் முற்றம்' மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரித்தது. விளையாட்டுப் போட்டியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஒரு வாரம் கழிப்பறையைக் கவனித்துக் குறிக்கட்டும்: எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது, நாப்கின் போட வாளி இருக்கிறதா, எந்த இடைவேளையில் வரிசை நீள்கிறது. பெயர் எழுதத் தேவையில்லை. அந்தத் தாளை ஒரு மாணவியே மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கட்டும். தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பற்றி ஆண் ஆசிரியர் வாசித்தால் கூட்டம் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

அடுத்த வாரமே தாழ்ப்பாளைப் போட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். அது நடக்காவிட்டால் பிள்ளைகள் இரண்டாம் முறை வாய் திறக்க மாட்டார்கள்.

படி 5: பணம் எங்கே என்று கேளுங்கள்

சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு ஆண்டு மானியம் உண்டு. 101 முதல் 250 மாணவர் வரை 50,000 ரூபாய், 1000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது விதிப்படியான அளவு. குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். வரவு செலவைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டு அல்ல, தெரிந்துகொள்ளத்தான். கேட்கும் குரலில் அந்த வித்தியாசம் தெரியட்டும்.

மீதியைப் பிரித்துக் கேளுங்கள். குடிநீரும் குப்பையும் பேரூராட்சி செயல் அலுவலரிடம். ஆசிரியர் காலியிடம் மாவட்டக் கல்வி அலுவலரிடம். கம்பெனி நன்கொடை என்றால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக. எதுவானாலும் தேதியிட்ட தீர்மானமாக எழுதி, பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் ஏற்றச் சொல்லுங்கள். வாய்வார்த்தைக்கு ஆபீஸில் கோப்பு கிடையாது.

படி 6: ஒன்பதாம் வகுப்பைக் கண்ணில் வைத்திருங்கள்

பனியன் ஊரின் தனிச் சிக்கல் இது. பதினான்கு வயதைத் தாண்டியதும் கம்பெனியில் கை மடிக்கவோ பிசிறு வெட்டவோ போனால் சனிக்கிழமை சம்பளம் கிடைக்கும் என்று பிள்ளைக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு, குழுவிலிருக்கும் ஓர் அம்மா போய்வருவது என்று முடிவு செய்யுங்கள். ஆசிரியர் போனால் விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்து மிஷினில் தைக்கும் அக்கா போனால் உண்மைக் காரணம் வெளியே வரும்: கடன், உடம்பு சரியில்லாத அப்பா, கணக்கில் பயம்.

போகும்போது கையில் ஒரு தகவலும் கொண்டு போங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஒன்பதோடு படிப்பையே விட்டுவிட்டால் இரண்டும் இல்லை.

குழுவில் இல்லாத பெற்றோருக்கு ஒன்று. அடுத்த முறை குழுவை மாற்றியமைக்கும் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அந்த ஒரு நாள் மட்டும் வந்து பெயர் கொடுங்கள்.