கோட்டை வெளியும் ஆட்டக்களமும்

கஞ்சிக்கோட்டிலிருந்து மேற்கே சென்றால், பாலக்காட்டு நகரின் நடுவில் ஒரு கோட்டையையும் அதன் அருகே பரந்ததொரு வெளியையும் காணலாம். ஊரார் அதனைக் கோட்டை மைதானம் என்பர். கிரிக்கெட் ஆட்டங்கள், பொருட்காட்சிகள், பொதுக்கூட்டங்கள் ஆகியவற்றுக்கெல்லாம் இடம் தந்த நிலம் அது. நகரின் நடுவே இத்துணைப் பெரிய நிலம் கட்டடம் ஏறாமல் எஞ்சியது எவ்வாறு?

மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் அவ்வழியைக் காக்கவே மைசூர் ஐதர் அலி 1766-இல் இக்கோட்டையை எழுப்பினார். 1768-இல் ஆங்கிலேயர் அதனைப் பிடித்தனர். சில திங்களில் ஐதர் மீட்டார். 1783-இல் கர்னல் புல்லர்ட்டன் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். மறு ஆண்டே அதனை விட்டு நீங்கினர். 1790-இல் மீண்டும் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

பீரங்கிப் போர்க் காலத்தில் கோட்டையின் முன் மரமோ வீடோ இருத்தல் ஆகாது. இருந்தால் பகைவன் மறைந்து நெருங்குவான். ஆதலின் கோட்டையை அடுத்து வெளி விடுதல் போர்முறையாயிற்று. யாழ்ப்பாணத்து முற்றவெளியும், கல்கத்தாவில் வில்லியம் கோட்டையைச் சூழ்ந்த மைதானமும் இவ்வகையினவே. பாலக்காட்டு வெளியில் திப்புவின் படை யானைகளும் குதிரைகளும் கட்டப்பட்டிருந்தன என்பர். போர் ஓய்ந்தது, வெளி நிலைத்தது. படை நின்ற இடத்தில் இளைஞர் மட்டையும் பந்துமாக நின்றனர்.

இலங்கையின் காலி நகரிலும் கோட்டைச் சுவரின் அடியில் ஒரு திடல் உண்டு. 1876-இல் குதிரைப் பந்தயத்துக்கென அமைந்த அது, 1927-இல் கிரிக்கெட் திடலாயிற்று. 1998-இல் டெஸ்ட் ஆட்டம் கண்டது. கட்டணம் கொடுக்க இயலாதவர் கோட்டை மதில்மேல் அமர்ந்து பார்ப்பர். ஆயினும், அங்கு எழுந்த பார்வையாளர் மாடம் கோட்டையின் உலகப் பாரம்பரியத் தகுதிக்கு இடையூறு என்னும் வாதம் 2018-இல் எழுந்தது. புகழ் வந்தால் கட்டடமும் வரும். கட்டடம் வந்தால் வெளி சுருங்கும்.

நண்பர்களே! பகைவருக்கு அஞ்சி விடப்பட்ட நிலம் பொதுமக்களின் உடைமையாயிற்று. இருக்கையும் நுழைவுச் சீட்டும் உள்ள அரங்குகள் வேண்டியவைதாம். ஆனால் காலில் செருப்பில்லாத சிறுவனும் கேளாமல் புகுந்து ஆடுதற்கு ஓரிடம் ஊர்தோறும் வேண்டும். அத்தகைய நிலத்தைச் ‘சும்மா கிடக்கிறது’ என்று எவரேனும் சொல்லக் கேட்டால், அது செய்துவரும் தொண்டினை எடுத்துரைப்பது கற்றவர் கடன்.